வைத்தியர் கிறீனும் வன்னிக் காய்ச்சலும்

1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்தடைந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் அப்போது இருபத்தைந்து வயது இளைஞர். அமெரிக்காவில் மாசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிற் பிறந்து, நியூயோர்க்கில் வைத்தியம் கற்றவர். மிஷன் அனுப்பிய வைத்தியராதலின் சமயப் பணியும் அவருக்குக் கடனாயிற்று. தமிழுலகம் அவரை நினைப்பதோ வேறொரு காரணம் பற்றி.

மானிப்பாயில் நிலைகொண்ட கிறீன் 1848 முதல் மாணாக்கரைச் சேர்த்து வைத்தியம் பயிற்றினார். தொடக்கத்தில் பாடமொழி ஆங்கிலமே. தேறியவர்களிற் பலர் அரசாங்க உத்தியோகம் நாடிச் சென்றனர். கிராமத்து நோயாளனுக்கு வைத்தியன் வாய்த்திலன். இடையிலே தாயகம் சென்று 1862இல் மீண்டுவந்தவர், 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். ஆங்கிலங் கல்லாத வைத்தியனை அரசு மதிக்குமா என்ற ஐயம் மாணாக்கரை வாட்டியது. வயிற்றுப்பாட்டை ஒட்டிய அவ்வையத்தை இன்று எள்ளி நகையாடுதல் எளிது, நியாயமன்று. கிறீனோ அசைந்திலர். உடையிலும் அவர்கள் தமிழராகவே இருத்தல் வேண்டுமென்றார்.

பாடநூல்களுக்கு எங்கே போவது? தாமே முனைந்தார், மாணாக்கர் சிலரும் துணைநின்றனர். ஒரு பொருளுக்குத் தமிழில் வழங்கும் சொல் உண்டா என முதலில் தேடுவார். இல்லையேல் வடமொழியை நாடுவார். அங்கும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லையே தமிழோசைக்கு இயைவிப்பார். உடற்கூறு அங்காதிபாதம் ஆயிற்று. உடற்றொழில் சுகரணம் ஆயிற்று. இரசாயன நூல் கெமிஸ்தம் என்ற பெயரோடு 1875இல் வெளிவந்தது. கிரே என்பார் இயற்றிய புகழ்பெற்ற உடற்கூற்று நூல் 1872இல் மனுஷ அங்காதிபாதமாகத் தமிழில் வந்தது. இச்சொற்களிற் பல இன்று வழக்கொழிந்தன. எனினும் ஒவ்வோர் என்புக்கும் நரம்புக்கும் ஒரு பெயர் கிடைத்தபின்னரே, மாணாக்கன் நூல் சொல்வதை உடலோடு ஒப்புநோக்கி, பொருந்துமா பொருந்தாதா எனத் தன் மொழியிலேயே வழக்காட முடிந்தது. விஞ்ஞானம் என்பது அந்த வழக்காடலன்றிப் பிறிதென்ன?

அவ்வழக்காடலுக்கு அக்கால வைத்திய நூல்களும் விலக்கல்ல. குளங்களும் காடும் சூழ்ந்த வன்னியை நெடுங்காலம் வாட்டிய காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். சதுப்பு நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றே குளிர்காய்ச்சலுக்குக் காரணமென மேனாட்டு வைத்தியர் அன்று நம்பினர். கிறீன் கற்ற கல்வியும் அதுவே. 1880இல் லாவெரன் என்னும் பிரெஞ்சு வைத்தியர் நோயாளரின் குருதியிற் கிருமியைக் கண்டார். 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ரொஸ் அதனை நுளம்பின் வயிற்றிற் கண்டார். காற்றுக் கொள்கை வீழ்ந்தது. வன்னிக் குளங்கள் வற்றவில்லை, காடும் முற்றாக அழியவில்லை. ஆயினும் இலங்கை மலேரியா நீங்கிய நாடென 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. பழி காற்றின்மீதே கிடந்திருப்பின் இது கைகூடியிராது.

ரொஸ் கண்ட உண்மையைத் தமிழ்ப் பாடமாக எழுத அன்று மானிப்பாய்ப் பள்ளி இல்லை. 1870இல் கொழும்பில் ஆங்கில வைத்தியக் கல்லூரி எழுந்தது; 1873இல் கிறீன் உடல் நலிந்து ஊர் திரும்பினார்; சில ஆண்டுகளில் தமிழ்வழி வைத்தியக் கல்வி நின்றுபோயிற்று. பிழையை மொழிபெயர்த்தவர் இருந்தார். திருத்தத்தை மொழிபெயர்க்க ஒருவர் இல்லை. நம் இழப்பு அங்கேதான் எனக் கருதுகிறேன்.

வூஸ்ரரிலும் அவர் தமிழ் நூற்பணியை விட்டாரல்லர். 1884இல் அங்கே காலமானார். தமிழருக்கு வைத்திய ஊழியராயிருந்தவர் என்பதனைத் தம் கல்லறையிற் பொறிக்குமாறு கேட்டிருந்தார், அவ்வாறே பொறித்தனர்.