விழியசைவில் மூளையை வாசித்த ரொபர்ட் பரானி

திடீர்த் தலைசுற்றலுடன் வருபவரின் கண்களை வைத்தியர்கள் உற்றுநோக்குவதற்குத் தக்க காரணம் உண்டு. விழிகள் ஒருபுறம் மெல்ல நகர்ந்து மறுபுறம் வெடுக்கெனத் திரும்பும் விழிநடுக்கம், கோளாறு காதிலா மூளையிலா என்பதை உணர்த்தவல்லது. இவ்வறிவுக்கு வழிசமைத்தவர்களுள் முதன்மையானவர் ரொபர்ட் பரானி.

1876 ஏப்ரல் 22 ஆம் திகதி வியன்னாவில் யூதக் குடும்பமொன்றில் பிறந்த பரானிக்கு, சிறுவயதில் ஏற்பட்ட எலும்புக் காசநோயினால் முழங்கால் நிரந்தரமாக விறைத்துப்போனது. 1900 இல் மருத்துவப் பட்டம் பெற்ற அவர், வியன்னாவின் காதுநோய்ச் சிகிச்சை நிலையத்தில் பணியாற்றினார்.

காதை நீரால் கழுவும்போது நோயாளர் சிலருக்குத் தலைசுற்றி விழிகள் நடுங்குவதை அங்கு அவர் அவதானித்தார். குளிர்ந்த நீருக்கு ஒரு திசையிலும் சூடான நீருக்கு எதிர்த்திசையிலும் விழிகள் துடித்தன. உடல் வெப்பநிலையிலான நீருக்கு எவ்வித அசைவும் இல்லை. உட்காதின் அரைவட்டக் கால்வாய்களிலுள்ள திரவம், அடுப்பிலேற்றிய நீரைப்போன்று வெப்ப வேறுபாட்டால் அசைவதே காரணம் என அவர் விளக்கினார். 1983 இல் விண்வெளியில் நடத்தப்பட்ட பரிசோதனை இவ்விளக்கம் முழுமையானதன்று எனக் காட்டியது. ஆயினும் அவரது சோதனை நிலைத்துவிட்டது. சிறுமூளையின் பாதிப்பைக் கண்டறிய, கண்களை மூடிக்கொண்டு விரலால் இலக்கைச் சுட்டச் செய்யும் முறையையும் அவரே வகுத்தார்.

முதலாம் உலகப் போரில் படைவைத்தியராகச் சென்ற பரானி, 1915 மார்ச்சில் பிரெமிசில் கோட்டை வீழ்ந்தபோது ரஷ்யரிடம் கைதியானார். 1914 ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டபோதும் அவர் சிறைக்கைதியே. சுவீடன் இளவரசர் கார்ல் தலையிட்டதால் 1916 இல் விடுதலை பெற்றார்.

எனினும் தாயகத்தில் வரவேற்பு கிட்டவில்லை. பிறரது ஆய்வுகளுக்கு உரிய மதிப்பளிக்கவில்லை எனச் சகாக்கள் குற்றஞ்சாட்டினர். மனம் நொந்த அவருக்கு சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகம் புகலிடமளித்தது. அங்கேயே 1936 ஏப்ரல் 8 ஆம் திகதி காலமானார்.

மேலும் கீழுமாகத் துடிக்கும் விழியும், பார்க்கும் பக்கத்துக்கேற்பத் திசைமாறும் நடுக்கமும் மூளைப் பாதிப்பின் எச்சரிக்கைகளாக இன்று கருதப்படுகின்றன. மூளைச்சாவை உறுதிசெய்கையிலும் காதுக்குள் குளிர்நீர் செலுத்தி, விழிகள் அசைகின்றனவா எனப் பார்க்கின்றனர். தலைசுற்றலைச் சாதாரண மயக்கமென ஒதுக்கிவிடும் நாம், பரானி விட்டுச்சென்ற இப்பாடத்தை மறத்தலாகாது. உரிய வேளையில் கண்களைக் கவனித்தால் ஓர் உயிரையே காத்திட இயலும்.