காக்ரேனும் கரிச் சுரங்கமும்

மருத்துவம் பயிலும் நண்பர்களுக்கு ஆர்ச்சி காக்ரேன் என்ற பெயர் புதிதன்று. சிகிச்சைகளின் பயனை ஆராய்ந்து சொல்ல 1993இல் அமைந்த உலகளாவிய நிறுவனம் அவர் பெயரைத் தாங்கியது. ஆயினும் அவர் தம் நல்ல ஆண்டுகளைச் சுரங்கத் தொழிலாளரின் மார்புப் படங்களோடு கழித்தவர் என்பதைப் பலர் அறியார்.

1909இல் ஸ்காட்லாந்தில் செல்வக் குடும்பத்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் படித்தார். மருத்துவப் படிப்பை நடுவில் நிறுத்தி, ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் காயம்பட்டோர்க்கு உதவச் சென்றார். 1941இல் கிரீட் தீவில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு, போர் முடியும்வரை கைதிகளுக்கே வைத்தியரானார். சாலோனிகா முகாமில் பட்டினியால் கைதிகளின் கால்கள் வீங்கின. இருபது பேரை இரு கூறாக்கி, ஒரு கூறுக்கு மட்டும் ஈஸ்ட் கொடுத்தார். நாலே நாளில் வேறுபாடு தெரிந்தது. பகைவரும் அக்கணக்கை ஏற்றனர். இத்தனைக்கும் அது குறையுள்ள சோதனை என்றே பின்னாளில் அவர் கருதினார்.

1948இல் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரை அடுத்த ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். கரித்தூசு படிந்து நுரையீரல் கெடும் நோயே அங்கு ஆராய்ச்சிப் பொருள். எக்ஸ்ரே படத்தில் அது சிறு வெண்புள்ளிகளாகத் தெரியும். அந்தப் புள்ளிகளில் ஒரு குடும்பத்தின் பிழைப்பே தொங்கியது. 1943இல் வந்த திட்டப்படி, நோய் உண்டென்று சான்று பெற்றவர் நஷ்டஈடு பெறலாம். ஆனால் சுரங்கத்தை விட்டு வெளியேற வேண்டும். சுரங்கமன்றி வேறு தொழில் அருகிய அப்பள்ளத்தாக்குகளில் அவர் எங்கே போவார்?

இவ்வளவும் தொங்கும் படத்தை இரு மருத்துவர் இருவிதமாகப் படித்தனர். ஒரே மருத்துவர் சில நாள் கழித்துத் தாமே வேறு விதமாகவும் படித்தார்! இதை மூடி மறைக்காமல் அளந்து பார்த்தவர்களுள் காக்ரேனும் ஒருவர். மாதிரிப் படங்களை அருகில் வைத்து ஒப்பிட்டுத் தரம் பிரிப்பதும், ஒருவர் முடிவை மற்றவர் அறியாமல் படிப்பதும் வேண்டும் என்பது அந்த அனுபவம் தந்த முறை.

தாமாக வருவோரை மட்டும் படம் எடுத்தால் உண்மை கிட்டாது. வராதவரிடமே நோய் ஒளிந்திருக்கலாம். ஆகவே 1950இல் ரோண்டா ஃபாக் பள்ளத்தாக்கு முழுவதையுமே படம் எடுக்கத் துணிந்தார். நோயுற்று வேலை இழந்த சுரங்கத் தொழிலாளர் சிலரையே பணியில் அமர்த்தினார். தங்களில் ஒருவன் வந்து கதவைத் தட்டினால் யார்தான் மறுப்பார்? வளர்ந்தோரில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் வந்து மார்பைக் காட்டினர்.

காசநோய்க் கிருமியும் சேர்வதால்தான் தூசு நோய் முற்றுகிறது என்பது அன்றைய கருத்து. ரோண்டா ஃபாக்கில் காசநோயாளரைக் கண்டுபிடித்துச் சிகிச்சைக்கு அனுப்பி, அண்டையிலுள்ள அபர்டேர் பள்ளத்தாக்கோடு ஒப்பிட்டார். எதிர்பார்த்த வேறுபாடு கிட்டவில்லை. கிட்டவில்லை என்றே எழுதினார். ஆராய்ச்சி மாணவர்களாகிய நம்மில் எத்தனை பேருக்கு அந்த மனம் வரும்?

1960இல் கார்டிஃபில் பேராசிரியரானார். பள்ளத்தாக்கை மட்டும் மறக்கவில்லை. 1950இல் படம் எடுத்தவர்களை இருபதாண்டுகளுக்குப் பிறகும் தேடிச் சென்று, இருப்போரையும் இறந்தோரையும் கணக்கெடுத்தார். நோய் முற்றிப் பெருந்திட்டுகள் படத்தில் தெரிந்தவர்கள் முன்னதாகவே மாண்டிருந்தனர். சிறு புள்ளிகள் மட்டும் கொண்டிருந்தோரின் ஆயுள் பெரிதும் குறையவில்லை. அவர் 1988இல் காலமானார்.