ஊமைப்படம் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட்

சிறு சம்பளக்காரன் ஒருவன் தன் நிலைக்கு மிஞ்சிய கனாக் காண்பதும், அதனால் அல்லற்படுவதும் ஊமைப்படங்களில் நாம் கண்டு நகைக்கும் விஷயமாகும். அத்தகைய கனாவை மெய்யாகவே கண்டு, அதன்பொருட்டு உத்தியோகத்தையே துறந்த ஒருவர் நம் திருச்சியில் இருந்தார் என்பதை மாணவ நண்பர்களிற் பலர் அறியார்.

சாமிக்கண்ணு வின்சென்ட் 1883-ம் ஆண்டு கோயமுத்தூரிற் பிறந்தவர். தென்னிந்திய இரயில்வேயின் திருச்சி அலுவலகத்தில் வரைபடம் வரையும் வேலை பார்த்து வந்தார். (பொன்மலைத் தொழிற்சாலை அந்நாளில் எழவில்லை.) மாதச் சம்பளம் ரூபாய் 25.

1905-ல் டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரர், ஊர் ஊராய்ச் சலனப்படம் காட்டிக்கொண்டு இங்கு வந்தார். பம்பாயில் இப்புதுமை முதன்முதல் காட்டப்பெற்று அப்போது ஒன்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. ஸ்ரீரங்கத்துக் கோபுரங்களையும் மலைக்கோட்டையையும் கண்டு பழகிய கண்களுக்கு, வெண்துணியில் மனிதர் நடமாடுவது எத்துணை வியப்பாயிருந்திருக்கும்! வந்தவரோ நோய்வாய்ப்பட்டுத் தாயகம் திரும்பக் கருதி, கருவியையும் படச்சுருள்களையும் விற்க முற்பட்டார். அவற்றுள் இயேசுநாதர் சரிதமும் ஒன்று. விலை ஏறத்தாழ இரண்டாயிரம் ரூபாய். அஃதாவது, வின்சென்டின் ஏறக்குறைய ஏழாண்டுச் சம்பளம்.

இருபத்திரண்டே வயதினரான அவ்விளைஞர் பணத்தைத் திரட்டி அனைத்தையும் வாங்கினார், உத்தியோகத்தை உதறினார். உற்றார் யாது கூறியிருப்பர் என்பதை, நிலையான வேலையை விடப்போவதாக வீட்டிற் சொல்லிப் பார்த்தோர் ஊகித்துக்கொள்வர்.

பின்னர்க் கூடாரமும் பெட்டிகளும் துணையாக நெடும் பிரயாணம் தொடங்கிற்று. மின்சாரம் பெரும்பாலான ஊர்களை எட்டாத காலம் அது. கையாற் சுழற்றியே சுருளை ஓட்டவேண்டும். கதை விளங்காதவர்க்குத் திரையருகே ஒருவர் நின்று எடுத்துரைப்பது அக்கால வழக்கம். ஆயினும், படம் வாய் பேசாததே அவர்க்குப் பெரும் வசதியாயிற்று. தமிழர் கண்டு மகிழ்ந்த அதே சுருளை வட இந்தியாவிலும் பர்மாவிலும் காட்டலாமன்றோ? அவ்விடங்கட்கெல்லாம் அவர் சென்று வந்தார்.

1914-ல் கோயமுத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான கொட்டகையைக் கட்டினார். சார்லி சாப்ளினின் நாடோடி வேடம் திரையில் முதன்முதல் தோன்றியதும் அவ்வாண்டிலேதான். படம் பேசத் தொடங்கியபின் வின்சென்டும் பின்தங்கவில்லை. டி. பி. ராஜலக்ஷ்மி நடித்து 1933-ல் வெளிவந்த வள்ளி திருமணம் என்னும் பேசும்படத் தயாரிப்பில் அவரும் ஈடுபட்டார். அது நல்ல வசூல் கண்டது.

1942-ல் அவர் காலமானார். அவர் எழுப்பிய கொட்டகையின் பெயராலேயே கோயமுத்தூரில் அச்சாலை இன்றும் வழங்குகிறது.