ஜி.டி. நாயுடுவும் ஓடாத டயர்களும்

திருத்தணிக்கும் பழனிக்கும் முருகன்தான் பொதுன்னு எல்லாருக்கும் தெரியும். அந்தப் பழனிக்கு 1920-ல் பொள்ளாச்சியிலிருந்து ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டித் தொழிலை ஆரம்பிச்சவர் ஜி.டி. நாயுடு.

1893-ல் கோவை பக்கத்துல கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரல. வெள்ளைக்கார அதிகாரி ஒருத்தர் வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்ததும் அது மேலேயே கண்ணு. ஓட்டலில் சர்வர் வேலை பார்த்துக் காசு சேர்த்தார், அதையே வாங்கினார், அக்குவேறு ஆணிவேறாகப் பிரிச்சு மாட்டினார். ஸ்டேன்ஸ் துரையின் உதவியோடு வாங்கிய பஸ், பின்னாடி யூ.எம்.எஸ். என்ற பெரிய கம்பெனியா வளர்ந்தது.

1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின்மோட்டார் செய்தார். 1945-ல் கோவையில் பொறியியல் கல்லூரி வரக் காரணமா இருந்தார். படிப்புக் காலத்தைக் குறைக்கணும்னு சொன்னார். அரசு ஒத்துக்கல, விலகிட்டார். நாலு வருஷம் படிக்கிற நமக்கு இது கொஞ்சம் உறுத்தும்! 1974-ல் மறைந்தார்.

கோவை அவிநாசி ரோட்டில் அவர் பெயரில் இயங்கும் அறக்கட்டளை 2015-ல் ஒரு கார் மியூசியம் திறந்தது. இந்த மாதிரி மியூசியங்களில் இரும்பை விடப் பெரிய தலைவலி டயர்தான். ஓடுற டயர் வளைஞ்சு நெளியும்போது, ரப்பரில் கலந்திருக்கும் மெழுகு மேலே வந்து படிஞ்சு ஓசோனைத் தடுக்கும். நிக்கிற வண்டியில் இது சரியா நடக்காது, பக்கவாட்டில் வெடிப்பு விழும். ஒரே இடத்தில் பாரம் இறங்கினால் அடிப்பக்கம் தட்டையாகிடும். அதனால வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தணும், வெயில் படாமல் வைக்கணும். பிரஷ் உள்ள மோட்டார் பக்கத்தில் இருக்கக் கூடாது, அதன் தீப்பொறியே ஓசோனை உண்டாக்கும். மோட்டார் செய்தவர் பெயரில் இருக்கும் மியூசியத்துக்கும் இதே விதிதான்!

புது டயர் மாட்டினா வண்டி ஓடும், ஆனா அந்தக் காலத்து ரப்பர் போயிடும். பழசையே வச்சா வண்டி பொம்மை ஆகிடும். பழைய டயரைக் கழற்றி இருட்டான, குளிர்ச்சியான அறையில் பத்திரப்படுத்திட்டு, புதுசு மாட்டி ஓட்டுறது ஒரு நல்ல வழி. வாங்கின வண்டியை அழகு பார்க்காம பிரிச்சுப் போட்டுக் கத்துக்கிட்ட மனுஷனுக்கு, ஓடுற வண்டிதானே சரியான மரியாதை?