கடற்கரை மணலில் ஆற்றலைக் கண்டவர்

ஹோமி ஜஹாங்கீர் பாபா 1909ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் மும்பையில் பிறந்தார். அவர் பொறியியல் கற்று, உறவினரான டாட்டா குடும்பத்தின் எஃகு ஆலையில் பணியாற்ற வேண்டுமெனத் தந்தை விரும்பினார். பாபாவின் மனமோ இயற்பியலை நாடியது. பொறியியலில் முதல் வகுப்பில் தேறினால் விரும்பியதைப் படிக்கலாம் எனத் தந்தை இசைந்தார். 1930இல் கேம்பிரிட்ஜில் அவ்வாறே தேறிய பாபா, இயற்பியல் ஆய்வில் இறங்கினார்.

1939இல் அவர் விடுமுறைக்குத் தாயகம் வந்தபோது இரண்டாம் உலகப் போர் மூண்டது. இங்கிலாந்துக்குத் திரும்ப இயலாத அவர், பெங்களூரில் சர் சி. வி. இராமன் தலைமையிலான இயற்பியல் துறையில் சேர்ந்தார். 1948இல் இந்திய அணுசக்தி ஆணையத்தின் முதல் தலைவரானார்.

சில தனிமங்களின் அணுக்கரு நிலையற்றது. அது தானாகவே கதிர்களை வெளியிட்டு வேறொரு தனிமமாக மாறும். இதுவே கதிரியக்கம். யுரேனியம் 235இன் அணுக்கருவை நியூட்ரான் தாக்கினால், அது பிளந்து வெப்பத்தையும் மேலும் சில நியூட்ரான்களையும் வெளியிடும். அவை அடுத்தடுத்த அணுக்கருக்களைப் பிளக்கும். இத்தொடர்வினையைக் கட்டுப்படுத்தி நடத்தும் இடமே அணு உலை. அவ்வெப்பத்தால் நீரை ஆவியாக்கிச் சுழலியை இயக்கினால் மின்சாரம் கிடைக்கும்.

இந்தியாவில் யுரேனியம் குறைவு, தோரியமோ மிகுதி. கேரளக் கடற்கரையிலும் தமிழ்நாட்டின் மணவாளக்குறிச்சியிலும் உள்ள மணலில் அது கலந்திருக்கிறது. முன்பு அது கேஸ் விளக்கின் வலைத்திரிக்கே பெரிதும் பயன்பட்டது. அம்மணலில் நாட்டின் எதிர்கால மின்சாரத்தைப் பாபா கண்டார். ஆனால், தோரியம் நியூட்ரானை ஏற்று யுரேனியம் 233ஆக மாறிய பின்னரே எரிபொருளாகும். ஆகவே, 1954இல் அவர் மூன்று கட்டத் திட்டத்தை முன்வைத்தார். முதலில் யுரேனிய உலைகள் புளூட்டோனியத்தைத் தரும். அடுத்து, புளூட்டோனிய உலைகள் எரிபொருளைப் பெருக்கும். இறுதியில் தோரியம் கைகொடுக்கும்.

1956ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் மும்பையை அடுத்த டிராம்பேயில் அப்சரா என்னும் ஆய்வு உலை இயங்கத் தொடங்கியது. கதிர்வீச்சு அளவை மீறினால் உயிரணுக்களைச் சிதைக்கும். அதனால் அவ்வுலை ஆழமான நீர்த்தொட்டிக்குள் அமைக்கப்பட்டது. நீர் உலையைக் குளிர்வித்தது, கதிர்களையும் தடுத்தது. கோலாலம்பூருக்குத் தெற்கே பாங்கியில் 1982 முதல் இயங்கும் ஆய்வு உலையும் நீர்த்தொட்டிக்குள் அமைந்ததே. அது மின்சாரத்திற்காக அன்றி, ஆய்வுக்கும் பயிற்சிக்கும் பயன்படுகிறது.

1966ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் நாள், ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மோன் பிளாங்க் சிகரத்தில் நேர்ந்த விமான விபத்தில் பாபா காலமானார். அப்போது அவருக்கு வயது 56. தமிழ்நாட்டின் கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் இயங்கத் தொடங்கியதை அவர் காணவில்லை. அவர் வகுத்த மூன்றாம் கட்டம் இன்றும் எட்டப்படவில்லை. அவர் தொடங்கிய பணியை, அடுத்தடுத்த தலைமுறையினர் தொடர்ந்து வருகின்றனர்.