ரஹீம் சாஹிப்: வாடகைச் சைக்கிளில் இருந்து ஜகார்த்தா வரை

திருகோணமலையில் உதைபந்தாட்டம் பற்றிப் பேச்சு எழுந்தால் அது ஏகாம்பரம் மைதானத்துக்கும் மக்கெய்சர் விளையாட்டரங்குக்கும் போய்த்தான் நிற்கும். எந்தக் கழகம் யாரை வென்றது என்ற கணக்கு எல்லோரிடமும் உண்டு. பிள்ளைகளைப் பழக்கியவர்களின் பெயர்தான் அதில் அதிகம் வருவதில்லை. ஆகவே ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம் பற்றி எழுத நினைத்தேன்.

1909இல் பிறந்த ரஹீம் ஒரு பாடசாலை ஆசிரியர். 1950இல் ஹைதராபாத் நகரப் பொலிஸ் அணியைப் பொறுப்பெடுத்தார். அந்த அணி தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் ரோவர்ஸ் கிண்ணத்தை வென்றது. 1951இல் டெல்லி ஆசிய விளையாட்டில் இந்தியா தங்கம் பெற்றபோதும், 1956இல் மெல்பேர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்தபோதும் பயிற்றுவிப்பாளர் அவர்தான். நடுவில் 1952இல் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றதும் அவருடைய அணியே. அப்போது பலர் வெறுங்காலுடன் ஆடினார்கள்.

அவருடைய பழக்கும் முறையில் ஆசிரியர் தெரிவார். பந்தை வெட்டி எடுத்துச் செல்லக்கூடாத போட்டிகள் நடத்தினார். பலமில்லாத காலால் மட்டும் உதைக்கும் போட்டிகளும் வைத்தார். திட்டித் திருத்துவதை விட இது நல்ல வழி என்றே எனக்குப் படுகிறது. தன் குறையைப் பையனே கண்டுபிடித்துவிடுவான்.

துளசிதாஸ் பலராம் செகந்திராபாத்தில் வறிய தமிழ்க் குடும்பத்துப் பையன். பயிற்சிக்கு வந்துபோகவே வசதியில்லை. ரஹீம் வாடகைச் சைக்கிளுக்குக் காசு கொடுத்து அவரை வரவழைத்தார். பலராம் இரண்டு ஒலிம்பிக்கில் ஆடினார். சம்பூரில் இருந்தும் மூதூரில் இருந்தும் இடம்பெயர்ந்து வளர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேருக்கு, பஸ் காசு இல்லாமலே ஆட்டம் நின்றுபோயிருக்கும்?

1962இல் ஜகார்த்தாவுக்குப் போனபோது ரஹீமுக்கு நுரையீரல் புற்றுநோய். முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 2-0 தோல்வி. அடுத்து தாய்லாந்தை வென்ற ஆட்டத்தில் பின்கள வீரர் ஜர்னைல் சிங்கின் தலை பிளந்து தையல் போட்டார்கள். பிரிவினையின்போது லயால்பூரை விட்டு அகதியாக வந்தவர் ஜர்னைல். இந்தக் காயத்தோடு பின்களத்தில் நிறுத்த முடியாது. கல்லூரி நாட்களில் அவர் முன்களத்தில் ஆடியதை ரஹீம் மறந்திருக்கவில்லை. அரையிறுதியில் அவரை அங்கே போட்டார். ஜர்னைல் கோல் அடித்தார், தென்வியட்நாம் 3-2 என்று தோற்றது.

இறுதியாட்டம் செப்டெம்பர் 4. எதிரணி மறுபடியும் தென்கொரியா. இஸ்ரேலையும் தாய்வானையும் இந்தோனேசியா சேர்க்காததை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்திருந்ததால் அரங்கம் முழுக்க இந்தியாவுக்கு எதிர்ப்பு. கைதட்டியவர்களில் பாகிஸ்தான் ஹொக்கி வீரர்கள் இருந்தார்கள். அதிலும் லயால்பூர்ப் பையனுக்கு. போர் பார்த்த எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

முதல்நாள் இரவு வீரர்களைக் கூட்டி, நாளை எனக்கொரு பரிசாகத் தங்கம் தாருங்கள் என்று ரஹீம் கேட்டதாகச் சொல்வார்கள். சினிமாவும் இந்த மாதிரிக் காட்சிகளைத்தான் விரும்புகிறது. ஆனால் அந்தக் கேள்விக்குப் பலம் தந்தது வாடகைச் சைக்கிளும் அந்தப் பழைய கல்லூரி ஞாபகமுமே என்பது என் எண்ணம். காய்ச்சலில் இருந்து தேறிய தங்கராஜைக் கோல் காக்க நிறுத்தினார். அணித்தலைவர் சுனி கோஸ்வாமிக்கு வயது 24. இருபது நிமிடத்துக்குள் பி. கே. பனர்ஜியும் ஜர்னைலும் ஆளுக்கொரு கோல் அடித்தார்கள். கொரியாவால் ஒன்றுதான் திருப்ப முடிந்தது.

ரஹீம் 1963 ஜூன் 11இல் இறந்தார். முதல் கோலை அடித்த பனர்ஜி பின்னர் பயிற்றுவிப்பாளரானார். 1970இல் பாங்கொக்கில் அவருடைய அணி வெண்கலம் வென்றது.