பட்டாசுக்கு முன்பே சிவகாசியில் வெடித்த குரல்: யார் இந்த விஸ்வநாத தாஸ்?

சிவகாசி என்றதும் என்ன ஞாபகம் வரும்? பட்டாசு, தீப்பெட்டி, காலண்டர். இவற்றில் முதலில் வந்தது தீப்பெட்டி. அதுவும் 1920-களில்தான். அதற்கு முன்பே அந்த ஊரில் பிறந்த ஒருவர், வெறும் பாட்டை வைத்துக்கொண்டு பிரிட்டிஷ் போலீஸைத் தூங்கவிடாமல் செய்துகொண்டிருந்தார். நாடக நடிகர், பாடகர், சுதந்திரப் போராட்டத் தியாகி எஸ்.எஸ்.விஸ்வநாத தாஸ்.

யார் இவர்?

1886 ஜூன் 16-ம் தேதி சிவகாசியில் பிறந்தவர். முடிதிருத்தும் தொழில் செய்துவந்த மருத்துவர் சமூகம். வளர்ந்ததும் பிறகு குடும்பத்தோடு வாழ்ந்ததும் மதுரை பக்கத்தில் இருக்கும் திருமங்கலத்தில். சின்ன வயதிலேயே பாட்டில் பைத்தியம். மைக் இல்லாத காலம் அது. கூட்டத்தின் கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற கணீர்க் குரல் இருந்தால்தான் மேடை. அந்தக் குரல் இவருக்கு இருந்தது. ராஜபார்ட் நடிகராக, குறிப்பாக 'வள்ளி திருமணம்' நாடகத்தின் முருகனாக, தென்மாவட்டங்கள் முழுக்கப் பிரபலமானார்.

அதென்ன ஸ்பெஷல் நாடகம்?

விஸ்வநாத தாஸைப் புரிந்துகொள்ள முதலில் இது தெரிய வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி' மாதிரியான நாடகங்கள் எல்லா நடிகர்களுக்கும் மனப்பாடம். அதனால் திருவிழா நடத்துகிற ஊர்க்காரர்கள் முருகனை ஓர் ஊரிலிருந்தும், வள்ளியை இன்னோர் ஊரிலிருந்தும், பபூனை வேறோர் ஊரிலிருந்தும் தனித்தனியாகப் பேசி வரவழைப்பார்கள். ஒத்திகை எல்லாம் கிடையாது. ராத்திரி மேடையில்தான் சந்திப்பே. ஹார்மோனியமும் மிருதங்கமும் தொடங்கிவிட்டால் விடிய விடியப் பாட்டும் தர்க்கமும்தான். கதை பழசு, அன்றைக்கு என்ன பாடுவார்கள், எப்படி மடக்குவார்கள் என்பது மட்டும் ஒவ்வொரு ராத்திரியும் புதுசு.

ஜாஸ் கேட்பவர்களுக்கு இது பழகிய விஷயமாக இருக்கும். எல்லோருக்கும் தெரிந்த ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு, அந்த நிமிடத்தில் தோன்றுவதை வாசிப்பதுதான் ஜாம் செஷன். நியூ ஆர்லியன்ஸில் லூயி ஆம்ஸ்ட்ராங் கார்னெட்டைக் கையில் எடுத்த அதே காலத்தில், நம்ம ஊர் கீற்றுக் கொட்டகைகளிலும் கிட்டத்தட்ட அதுதான் நடந்துகொண்டிருந்தது.

போலீஸுக்கு என்ன பிரச்சினை?

1876-லேயே பிரிட்டிஷ் அரசு நாடகங்களைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் கொண்டுவந்துவிட்டது. அரசுக்கு எதிராக மக்களைத் தூண்டுகிறது என்று பட்டால், அந்த நாடகத்தைத் தடை செய்யலாம். ஆனால் 'வள்ளி திருமணம்' சாமி கதை ஆச்சே, அதில் எதைத் தடை செய்வது? எழுத்தில் எதுவும் இல்லை. எல்லாமே பாடுகிறவரின் தொண்டையில் இருந்தது.

அந்த இடைவெளியில்தான் விஸ்வநாத தாஸ் புகுந்தார். 1919-ல் ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்தது. அதைப் பற்றி மதுரகவி பாஸ்கரதாஸ் பாட்டு எழுதினார். விஸ்வநாத தாஸ் அதை மேடையில் பாடினார். செய்தித்தாள் படிக்கத் தெரியாத கிராமங்களுக்குப் பஞ்சாபில் நடந்த கொடூரம் போய்ச் சேர்ந்த வழிகளில் இந்த மேடையும் ஒன்று.

இவர் பாடி இன்றைக்கும் பேசப்படுவது பாஸ்கரதாஸின் கொக்குப் பாட்டு. வள்ளி தினைப்புனத்தில் பறவை விரட்டுகிறவள். அந்தக் கதைக்குள் ஒரு வெள்ளைக் கொக்கு பறந்து வந்தால் யாருக்கு என்ன சந்தேகம் வரும்? கூட்டத்துக்கு மட்டும் புரிந்துவிட்டது, அந்தக் கொக்கு வெள்ளைக்காரன் என்று. கைதட்டல் போலீஸுக்கும் கேட்டது. கைதானார், சிறைக்குப் போனார். வெளியே வந்ததும் மறுபடியும் மேடை, மறுபடியும் பாட்டு, மறுபடியும் கைது. ஒரு தடவை, இரண்டு தடவை இல்லை; அதுவே வாழ்க்கையாகிவிட்டது.

மேடையில் சாமி, கீழே சாதி

முருகன் வேஷத்தில் மயில் மேல் உட்கார்ந்தால் கும்பிட்ட அதே சமூகம், வேஷம் கலைத்த பிறகு அவருடைய சாதியைப் பார்த்தது. அவரோடு ஜோடி சேர்ந்து நடிக்க மறுத்த நடிகைகள் இருந்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் துணிந்து அவரோடு நடித்தவர் கே.பி.ஜானகி அம்மாள். பின்னாளில் கம்யூனிஸ்ட் தலைவராகி, 1967-ல் மதுரை கிழக்குத் தொகுதி எம்.எல்.ஏ. ஆனவர் இவர்தான்.

இதுவும் உலகத்துக்குப் புதுசு இல்லை. அமெரிக்காவில் கறுப்பின ஜாஸ் கலைஞர்கள் பாடிய ஹோட்டல்களிலேயே அவர்களுக்குத் தங்க ரூம் தர மாட்டார்கள். கறுப்பின மக்கள் அடித்துக் கொல்லப்படுவதைப் பற்றி பில்லி ஹாலிடே 1939-ல் நியூயார்க் மேடையில் பாடினார். அவரையும் அதிகாரிகள் விடவில்லை. விஸ்வநாத தாஸுக்கு எதிரே இருந்தவை இரண்டு: வெளியே வெள்ளை அரசு, உள்ளே சாதி. இரண்டுக்கும் நடுவில் நின்றுதான் அவர் பாடினார்.

கடைசி ராத்திரி

சிறைக்குப் போய்க்கொண்டே இருந்தால் வருமானம் எங்கிருந்து வரும்? கடன் ஏறியது. திருமங்கலம் வீடும் அடமானத்துக்குப் போனது. கடனை அடைக்க நாடகம் போடலாம் என்று சென்னைக்கு வந்தார். 1940 டிசம்பர் 31, ராயல் தியேட்டர். அன்றும் 'வள்ளி திருமணம்'தான். முருகனாக மயில் மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் பிரிந்தது. வயது 54. அந்த வேஷத்தைக் கலைக்காமலேயே இறுதி ஊர்வலம் நடந்தது. சுதந்திரம் வர இன்னும் ஆறரை வருஷம் இருந்தது.

இன்று என்ன மிச்சம்?

விருதுநகரிலிருந்து மதுரைக்கு நான்குவழிச் சாலையில் போகிறவர்கள் திருமங்கலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே அவருக்கு அரசு நினைவு இல்லம் இருக்கிறது. அதைவிடப் பெரிய நினைவுச் சின்னம் அவர் நின்ற மேடைதான். மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் பக்கம் கோயில் திருவிழாக்களில் 'வள்ளி திருமணம்' இன்றைக்கும் நடக்கிறது. நடிகர்கள் இன்றைக்கும் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து, மேடையில்தான் சந்திக்கிறார்கள். தர்க்கத்தின் நடுவே ஊர்ப் பிரச்சினையும் அரசியலும் வந்து விழுகின்றன.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அப்படி ஒரு நாடக நோட்டீஸ் கண்ணில் பட்டால், ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து பாருங்கள். முருகன் தர்க்கத்தை நிறுத்திவிட்டு, கதையில் இல்லாத ஒரு பாட்டைச் சட்டென்று எடுத்தால், அந்த வழக்கத்துக்காக ஜெயிலுக்குப் போன சிவகாசிக்காரர் ஒருவர் இருந்தார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.